ஈரப் படியும் காய்ந்த படியும்

வீரபாகு வீட்டில் ஒரு சங்கதி யாருக்கும் விளங்கவில்லை.

தெருவாசலில் மூன்று கல்படிகள். தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் அவை காய்வதே கிடையாது. ஓரமெல்லாம் பாசி ஏறிப் பச்சையாகிவிடும். பால்காரர் வழுக்கியிருக்கிறார், தபால்காரர் வழுக்கியிருக்கிறார், ஒருமுறை ஆடுகூட வழுக்கியது. வீரபாகு மட்டும் வழுக்கியதில்லை. காலையில் குடையை விரித்துக்கொண்டு, ஏதோ சமதரையில் நடக்கிறவர் மாதிரி இறங்கிக் கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனால் அருவிக்கு அடியிலேயே பாறையில் நின்று குளித்துவிட்டு வருவார். அங்கேயும் வழுக்கியதில்லை.

வீட்டுக்குள்ளே நடுக்கூடமான பட்டாசலிலிருந்து அடுக்களைக்கு இறங்க ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம். சிவப்புச் சிமெண்டு. மேலே ஓடு இருக்கிறது, ஒழுக்கு இல்லை, சொட்டு ஈரம் இல்லை.

அந்தப் படியில்தான் அவர் விழுகிறார்.

ஆனி பிறந்ததிலிருந்து நாலைந்து தடவை ஆகிவிட்டது. அடுக்களையிலிருந்து ஏறி வரும்போது ஒன்றும் ஆவதில்லை. இறங்கும்போதுதான் கால் வெறும் காற்றில் போகிறது.

அவருடைய அக்கா உலகம்மை சும்மா இருக்கவில்லை. தம்பி மனைவி கோமதியம்மாள் காலமான பிறகு அந்த வீட்டுக்கு வந்து, தாயில்லாத தம்பி மகள் முத்துவடிவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். ஒரு படிக்கு அவள் தோற்றுவிடுவாளா? முதலில் சாம்பலும் செங்கல்பொடியும் போட்டுத் தரையைத் தேய்த்தாள். விழுந்தார். பிறகு படிமேல் கோணிச்சாக்கை விரித்தாள். வழவழப்பான சிமெண்டில் விரித்த சாக்கு, சக்கரம் கட்டிய பலகை மாதிரி. இந்தத் தடவை சாக்கோடு சேர்ந்து அடுக்களைக்குள் போய் விழுந்தார். வைத்தியர் பித்தம் என்றார். கஷாயம் குடித்துவிட்டு வந்து விழுந்தார். போன வருடம்தான் கரண்டு வந்த வீடு; படிக்கு நேர் மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். வெளிச்சத்தில் விழுந்தார்.

"ஏலே, வாய ஊது பாப்போம்" என்றுகூட உலகம்மை ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஏக்கா, வெத்தலை தவிர ஒண்ணும் வாயில வைக்காத மனுசன்கிட்ட..."

"ஊதுலே."

ஊதினார். வெற்றிலைதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, பால்செம்பு உருண்ட நாள்வரை. பிரசவத்துக்கு வந்திருந்த முத்துவடிவின் குழந்தைக்காகக் காய்ச்சிய பால். மிச்சத்தை மூடி வைக்கச் செம்போடு அடுக்களைக்கு இறங்கும்போது படியில் தடுமாறினார். செம்பு அம்மிவரை உருண்டுபோய் நின்றது. பட்டாசலில் தொட்டிலில் கிடந்த மூன்று மாதக் குழந்தையை மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை உலகம்மை சட்டம் போட்டாள். "உக்காந்த இடத்துல மடியில வச்சுக்கோ. எந்திரிக்கணும்னா என்கிட்ட குடுத்துரு. பிள்ளையத் தூக்கிட்டு ஒரு எட்டு நடக்கக் கூடாது."

வீரபாகு தலையாட்டினார். பேத்திக்குப் பெயர் கோமதி. மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் கழித்து, மறுபடி நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லக் கிடைத்திருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

இந்த நிலையில்தான் புளியறையிலிருந்து மாப்பிள்ளை செல்லப்பா சொல்லியனுப்பினான்: வெள்ளிக்கிழமை வருகிறேன், முத்துவடிவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சாலையோரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன். ஒருநாள்தான் கடையை மூட முடியும்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கு வந்த மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. அவளைப் பெற்ற தகப்பன் தூக்கி வந்து, மூன்று படியும் இறங்கி, தெருவில் நிற்கிற மருமகன் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் பெண்ணையும் எங்கள் பேத்தியையும் எங்கள் கையால் உனக்குக் கொடுக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

அன்று காலையில் சாரல் நின்றிருந்தது. மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. சுள்ளென்று வெயில். வாசல் படிகள் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தன.

வீரபாகு பட்டாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்கின்மேல் அவருடைய பெருமை உட்கார்ந்திருந்தது. வைகாசிக் கடைசியில் திருநெல்வேலிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்த இரட்டைக் கண்ணாடி. ஒவ்வொரு வில்லையிலும் நடுவே ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்கு மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை. அவருக்கு விதைக்கடை. தராசு முள்ளையும் பார்க்க வேண்டும், தெருவின் எதிர்த்த சாரியில் யார் வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒரே கண்ணாடியில் இரண்டும் தெரிகிறது என்பது அவருக்கு இன்னும் அதிசயம் தீராத விஷயம். அந்தத் தெருவிலேயே கோடு போட்ட கண்ணாடி அவரிடம் மட்டும்தான்.

உலகம்மை வந்து எதிரில் நின்றாள். சொல்லக் கஷ்டமானதைச் சொல்லும்போது அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்வாள்.

"வீரபாகு, இன்னைக்கு எதிர்த்த வீட்டு வேல்சாமி அண்ணாச்சியைப் பிள்ளையத் தூக்கிக் குடுக்கச் சொல்லப்போறேன்."

பேப்பர் மடங்கியது. "வேல்சாமி அண்ணாச்சிக்கு அவ பேத்தியா?"

"பேத்தி உனக்குத்தான். அதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் எழுந்தார். "கடையில பனங்கல்கண்டு வாங்கி வச்சேன். வடிவு கொண்டுபோகட்டும். எடுத்திட்டு வந்திருதேன்" என்று வாசலுக்கு நடந்தார். குரல் சரியாகத்தான் இருந்தது. துண்டை மட்டும் நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனார்.

முத்துவடிவு ஜன்னலோரம் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசலில் போய் நிற்பதைப் பார்த்தாள். முதல் படிக்குக் காலை நீட்டினார். கால் படியின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அடுத்த நொடி அவர் காய்ந்த படிமேல் தொம்மென்று உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது.

உலகம்மை ஓடிவந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தாள். மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் போட்டாள். "வழுக்குத படியில வழுக்கமாட்டான், காஞ்ச படியில விழுவான். இவனை என்ன செய்ய? நான் வேல்சாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

அவள் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"அத்தை சொல்லுதபடியே செஞ்சிருவோம்மா" என்றார் வீரபாகு. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. பிள்ளைக்கு ஏதும் ஆயிரக் கூடாது."

வருத்தமில்லை என்று சொன்னவர் பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

முத்துவடிவு பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது. இத்தனை நாள் அந்த வாசல் படியில் விழாதவர், இன்றைக்கு ஏன் விழுந்தார்?

"அப்பா, இன்னைக்கு என்ன புதுசு?"

"வெயிலு."

"வெயில் அடிச்சா படி நல்லாத்தான ஆகும். படியில இல்ல. உங்ககிட்ட என்ன புதுசு?"

"என்கிட்ட என்னம்மா புதுசு? அதே வேட்டி, அதே சட்டை, அதே கிழவன்."

"சரி, சாரல்ல போகும்போது எப்படிப் போவிய?"

"எப்படிப் போவேன், குடையப் பிடிச்சிட்டுப் போவேன்."

"செஞ்சு காட்டுங்க."

"வெளையாடுதியா?"

"எனக்காகச் செஞ்சு காட்டுங்கப்பா. சாரல் அடிக்குதுன்னு நினைச்சுக்கிடுங்க."

மகள் புறப்படுகிற நாளில் கேட்டதை மறுக்க முடியுமா? எழுந்தார். மூலையிலிருந்து குடையை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வாசலுக்கு வந்தார். குடையை விரிப்பதற்கு முன்னால் இடது கை தானாக மூக்குக்குப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டது.

"நில்லுங்க" என்றாள் முத்துவடிவு. "அத எதுக்குக் கழத்துதிய?"

"சாரல் பட்டா கண்ணாடியில தண்ணி முத்து முத்தா நிக்கும்லா? ஒண்ணும் தெரியாது. வெளிய போகும்போது கழத்திருவேன். கடையில போய் உக்காந்துதான் போடுவேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத்தான் சாரல் இல்லையே."

சொல்லி முடித்ததும் அவர் கை சட்டைப்பையைத் தொட்டது.

குற்றாலத்தில் குளிக்கும்போது கண்ணாடி கிடையாது. ஈரப் படியில் இறங்கும்போது கண்ணாடி கிடையாது. வீட்டுக்குள்ளே எப்போதும் கண்ணாடி. கண்ணாடி வந்தது வைகாசிக் கடைசியில். அதை ஒட்டியே சாரல் தொடங்கியதால் எல்லாரும் ஈரத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன தாங்க" என்று முத்துவடிவு கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டு உள்படியின் ஓரத்தில் போய் நின்றாள். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் தாழ்த்திக் காலைப் பார்த்தாள். கால்விரல்கள் கலங்கித் தெரிந்தன. மேல்தரையும் கீழ்த்தரையும் ஒரே சிவப்பு. அவற்றைப் பிரிக்கிற விளிம்பு கரைந்துபோய், ஒரே தரையாக இருந்தது. தரை கொஞ்சம் மேலே எழும்பி வந்த மாதிரியும் இருந்தது. தாடையை நெஞ்சில் ஒட்டுகிறாற்போல் குனிந்து பார்த்தாள். விளிம்பு பளிச்சென்று திரும்பி வந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கோட்டுக்குக் கீழே இருக்கிற வில்லை, கையில் பிடித்த பேப்பரின் தூரத்துக்கென்று கடைந்தது. நம் பாதம் நம் கண்ணிலிருந்து அவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது? ஆள் உயரத்தில் இருக்கிறது. படி இறங்குகிறவன் கண்ணைத் தாழ்த்துவான். தாழ்த்திய கண் கீழ்வில்லை வழியாகத்தான் பார்க்கும். பேப்பருக்கான வில்லையால் பாதத்தைப் பார்த்தால் மங்கும், இடமும் மாறித் தெரியும். ஏறும்போது படி நம் முன்னால் உயரத்தில் இருப்பதால், மேல்வில்லை வழியாக முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். அதனால்தான் ஏறும்போது விழவில்லை.

"நீங்க போட்டுக்கிட்டு, இந்தக் குடை நுனியால படி விளிம்பைத் தொடுங்க" என்றாள்.

தொட்டார். நுனி விளிம்பைத் தாண்டிக் காற்றில் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டார். சரியாக விளிம்பில் நின்றது. மறுபடி போட்டார், காற்று. கழற்றினார், விளிம்பு. ஐம்பத்தெட்டு வயது மனிதர் புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார்.

அவருடைய கண் ஒரு விசித்திரமான கண். தெருக்கோடி மங்கல், பேப்பர் எழுத்து மங்கல். நடுவில், காலடித் தரை மட்டும் கண்ணாடியே இல்லாமல் நன்றாகத் தெரிகிறது. நடக்கிறவனுக்கு எது வேண்டுமோ அது வெறுங்கண்ணிலேயே இருந்தது. அதன்மேல்தான் அவர் பெருமையாகக் கண்ணாடியை மாட்டியிருந்தார்.

உலகம்மை திரும்பி வந்தபோது தம்பி குடையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னலே, பித்தம் தலைக்கே ஏறிட்டா?"

முத்துவடிவு விஷயத்தைச் சொன்னாள். உலகம்மை நம்பவில்லை. "கண்ணு தெரியத்தான் கண்ணாடி. கண்ணாடி போட்டா கண்ணு தெரியாதாம்ல? குடு அத."

வாங்கி மாட்டிக்கொண்டாள். படியைப் பார்க்கப் போகிற வழியில் தொட்டில் இருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு கையைச் சப்பிக்கொண்டிருந்தது. உலகம்மை அதைத் தாண்டிப் போகவில்லை. குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"ஏட்டி வடிவு" என்றாள் வெகுநேரம் கழித்து. "இவளுக்கு இமைமுடி இவ்வளவு நீளமா?"

"பிறந்ததிலேயிருந்து அப்படித்தான அத்தை."

உலகம்மை கண்ணாடியைக் கழற்றித் தம்பி கையில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சமீபகாலமாகக் குழம்பில் கல் கிடப்பதும், ஊசியில் நூல் கோர்க்க முத்துவடிவைக் கூப்பிடுவதும் ஏன் என்று அந்தக் கணத்தில் தம்பி மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை, நீங்களும் ஒரு தடவை திருநெல்வேலிக்கு..."

"பொம்பளை கண்ணாடி மாட்டிட்டு அலையவா? வேலையப் பாருட்டி. இப்ப இவன் பேச்சுதான். ஏலே, சும்மா சொன்னா ஆகாது. கண்ணாடி இல்லாம இறங்கிக் காட்டு. வெறுங்கையோட இல்ல." அடுக்களைக்குள் போய் ஒரு பரங்கிக்காயைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். "இதான் பிள்ளைன்னு வச்சுக்கோ."

வீரபாகு பரங்கிக்காயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியோரம் வந்தார். நின்றுவிட்டார்.

"என்ன?"

"இப்ப கண்ணு தெரியுது. காலு தெரியல. காய் மறைக்கி."

உண்மைதான். இரண்டு கையாலும் முன்னால் ஏந்தினால், ஏந்துகிற பொருளே பாதத்தை மறைத்துவிடும். தடுமாறினால் பிடித்துக்கொள்ளவும் கை மிச்சமிருக்காது. முத்துவடிவு பரங்கிக்காயை எடுத்து அவருடைய இடது தோளில் சாய்த்து, இடது கையை அதன் அடியில் கொடுத்தாள். வலது கையைச் சுவரில் வைத்தாள்.

"இப்ப?"

"தெரியுது."

இறங்கினார். ஏறினார். வாசலுக்கு வந்து மூன்று படியும் இறங்கினார். உலகம்மை ஒவ்வொரு படிக்கும் கூடவே இறங்கி, அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெருவில் குதிரைவண்டியிலிருந்து இறங்கிய செல்லப்பா, மாமனார் பரங்கிக்காயைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"மாமா, சுகந்தானா?"

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. ஒத்திகை நடக்கு."

செல்லப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிடும்போது முத்துவடிவு சொல்லச் சொல்லப் புரிந்தது. சாப்பிட்டு எழுந்தவன் வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பைக் குழைத்து, உள்படியின் விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு உலகம்மையிடம் சொன்னான்: "எங்க கடையிலயும் ஒரு படி இருக்கு பெரியம்மை. லாரிக்காரங்க எல்லாம் அதுல முட்டிட்டு என்னையத்தான் வைவாங்க. நாளைக்கு அங்கயும் இழுத்திருதேன்."

கிளம்புகிற நேரம் வந்தது. எதிர்த்த வீட்டு வேல்சாமி அண்ணாச்சி சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஒப்புக்கொண்ட காரியத்துக்குத் தயாராக வந்து நின்றார். உலகம்மை அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பரங்கிக்காயைக் கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தாள். "இத மதினிகிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. பச்சடி வைக்கட்டும்."

பிறகு தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தாள். தம்பியின் இடது தோளில் சாய்த்தாள். கையை எடுக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. எடுத்தாள்.

வீரபாகு கண்ணாடி இல்லாமல் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அது கலங்கலாகத்தான் தெரிந்தது. பாலும் பவுடரும் கலந்த வாசனை வந்தது. குழந்தை அவர் காதைப் பிடித்துக்கொண்டது. அவர் தலையைத் தாழ்த்தி, முதல் படியைப் பார்த்து, காலை வைத்தார். அங்கே படி இருந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"இந்தாங்க மாப்பிள்ளை" என்றார். "கோமதியம்மா வாரா."

செல்லப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். வண்டி திரும்பி மறையும்வரை வீரபாகு கையை அப்படியே தோளில் வைத்துக்கொண்டு நின்றார். உலகம்மை வண்டியைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடைமுறை இதுதான். இரட்டைக் கண்ணாடி உட்கார்ந்திருப்பதற்கு மட்டும். நாற்காலியை விட்டு எழுந்தால் அது சட்டைப்பைக்குப் போய்விடும். படி விளிம்பில் வெள்ளைக் கோடு. தரையில் சாக்கு கிடையாது. எதைத் தூக்கினாலும் ஒரு தோளில், மற்றக் கை சுவரில். வீரபாகு அதற்குப் பிறகு விழவில்லை.